மடிப்பையும் சேர்த்து எழுதியவன்

கச்சேரி சாலை, மயிலாப்பூர்
6 செப்டம்பர் 2025

ஸலாம் ஆபா,

போனில் பிளாக். வாட்ஸ்அப்பில் பிளாக். இன்ஸ்டாவில் பிளாக். ஜிபேயில் ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் 'பேசு' என்று போட்டேன், அங்கேயும் பிளாக். மிச்சமிருப்பது இந்தியத் தபால் துறை ஒன்றுதான். தபால்காரரை பிளாக் பண்ணும் வசதி பாலவாக்கத்துக்கு இன்னும் வரவில்லை என்று நம்பி எழுதுகிறேன்.

போஸ்ட் ஆபீஸில் இன்லேண்ட் லெட்டர் கேட்டதும் கவுன்டர் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாருக்குப்பா, லவ்வா?"

"இல்ல மேடம், அக்காவுக்கு. பாலவாக்கம்."

"பஸ் ஏறினா முக்கா மணி நேரம். நேர்ல போய்ப் பேசேன்."

நேரில் வந்தேனே. போன ஞாயிறு உன் ஹாஸ்டல் கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து, "அந்தப் பொண்ணு தனக்குத் தம்பியே கெடையாதுங்குதே" என்றார். பதினேழு வருடமாகத் தம்பி வேலை பார்க்கிறேன் ஆபா. ஒரு நாள் லீவு போட்டதில்லை. நோட்டீஸ் கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுத் தூக்கினால் எப்படி?

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உருதுவில் எழுதினால் அம்மி படித்துவிடுவாள். தமிழ் எழுத்து அவளுக்குப் பஸ் போர்டு அளவுக்குத்தான்.

வீட்டுச் செய்தி: ஈசிஆரில் ஏதோ பணக்காரர் பங்களாவில் பழைய படங்களைப் பழுதுபார்க்கும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாக அப்பா நம்புகிறார். நீ அப்படிச் சொல்லிவிட்டுத்தானே போனாய். ஜூன் மாதம் பேப்பரில் வந்த செய்தியை அப்பா பிரேம் போட்டு மாட்டினாரே, 'மயிலாப்பூர் கன்னியர் மடத்தில் இத்தாலிய மறுமலர்ச்சிக் கால மாதா ஓவியம்: ஓவியரைக் கண்டறிந்த இளம் ஆய்வாளர்', அது இன்னும் கடையில்தான் தொங்குகிறது. இந்தப் பக்கம் பிள்ளையார், அந்தப் பக்கம் மக்கா, நடுவில் நீ. பிரேம் கேட்டு வருபவர்களுக்கு முதலில் உன்னைக் காட்டுகிறார். அப்புறம்தான் அளவு எடுக்கிறார். ஆகஸ்டில் நீ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், அடையாறு ஆய்வகத்திலிருந்து ராஜினாமா செய்ததும் அவருக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? உன் லேப்டாப் பாஸ்வேர்டு இன்னும் 'மெனிக்கோ'தான்.

மெனிக்கோவுக்காக எவ்வளவு மெனக்கெட்டாய் நீ! ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதன். உலகத்தில் மொத்தம் மூன்று படம். அவன் ஊரிலேயே அவனை யாருக்கும் தெரியாது. கன்னியர் மடத்து மாதாவை வரைந்தவன் அவன்தான் என்று இரண்டு வருடம் தேய்ந்தாய்.

இத்தாலியில் சியெனாவிலிருந்து அந்த மெயில் வந்த அன்று நீ என்னைப் பார்த்தாய். அலமாரியைத் திறந்து துணியை எடுத்துப் பையில் வைத்தாய்.

நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாது என்று நினைத்துக்கொள்ளவும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். இரண்டாவது சரியாக வரவில்லை.

இப்படிக்கு,
எல்லா இடத்திலும் தடைசெய்யப்பட்ட
ரெஹான்


பாலவாக்கம்
12 செப்டம்பர்

ரெஹான்,

உன் ஜோக்கைப் படித்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. தெரியாது என்று நினைத்துக்கொள்ளும் சிரமம் உனக்கு வேண்டாம். நானே சொல்கிறேன்.

சியெனா ஆவணக் காப்பகத்து அம்மையார் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார். ஒன்று, மாதா ஓவியப் பலகையின் பின்புறம் நாம் 'கண்டுபிடித்த' எழுத்து. இன்னொன்று, 1487ஆம் வருடத்து ஒப்பந்தக் காகிதத்தில் மெனிக்கோ தன் கையால் எழுதிய ஒரு வரி: 'ஓர்தே ஊர் மெனிக்கோ வரைந்தான்.' அவன் கையெழுத்து உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

அந்தக் காகிதத்தை எப்போதோ யாரோ மடித்திருக்கிறார்கள். மடிப்பு முதல் எழுத்தின் குறுக்கே சாய்வாகப் போகிறது. புகைப்படத்தில் அது மைக் கோடு மாதிரியேதான் தெரியும். காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது மடிப்பு என்று தெரியும்.

பலகையில் அந்த மடிப்பும் மையால் எழுதப்பட்டிருக்கிறது.

மரப்பலகையை யாரும் மடிக்க முடியாது, ரெஹான். மெனிக்கோ தானே எழுதியிருந்தால் இல்லாத மடிப்பை ஏன் எழுதப்போகிறான்? புகைப்படத்தைப் பார்த்துக் காப்பியடித்தவன்தான் எழுதுவான். அந்தப் புகைப்படம் இந்தியாவில் ஒருத்தியிடம்தான் இருந்தது. என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது.

ஆகவே, போலி எழுத்தை எழுதியவள் நான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. "இந்த எழுத்து உண்மையானதல்ல, என் முடிவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு இரண்டு பதில் வேண்டும். எந்த நாள்? வேறு யாருக்குத் தெரியும்?

சகினா


கச்சேரி சாலை
15 செப்டம்பர்

ஆபா,

மார்ச் 26, புதன்கிழமை. யாருக்கும் தெரியாது.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாகிவிட்டது. இத்தோடு நிறுத்தினால் எனக்கு இன்று தூக்கம் வராது.

அன்று இருபத்தைந்தாவது நோன்பு. உன் ஆய்வகத்து வேலை முடிந்து, புது பிரேம் போடுவதற்காகப் படம் நம் கடைக்கு வந்திருந்தது. அப்பா கையால்தான் பிரேம் போட வேண்டும் என்று மடத்துக்காரர்களிடம் நீதான் அடம் பிடித்தாய். அசோகன் அண்ணன் பலகையை ஜமக்காளத்தில் குப்புறப் படுக்கவைத்து, பின்னால் அறைந்திருந்த குறுக்குச் சட்டத்தைக் கழற்றினார். "இன்னா தம்பி இது, ஆணிய பாத்தியா? இட்லி குத்திப் பாக்கலாம் போலக் கீது" என்று ஓர் ஆணியை என்னிடம் காட்டிவிட்டு, பலகையைச் சரியாகப் பார்க்காமலே கண்ணாடி வாங்க ஈக்காட்டுத்தாங்கல் போய்விட்டார். அப்பா அஸர் தொழுகைக்குப் போனார். கடையில் நானும் மாதாவின் முதுகும்தான்.

சட்டம் இருந்த இடத்தில் மட்டும் மரம் வெளுப்பாக, புதிதாக இருந்தது. எத்தனை வருடமாக அதை ஒருவரும் பார்க்கவில்லையோ. முந்தின நாள் நோன்பு திறக்கும்போது நீ பேரீச்சம்பழத்தை வாயில் போடாமலே சொன்னாய், "ஒரே ஒரு வரி எழுதி வெச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பான் இந்த மனுஷன்?" என்று. அது ஞாபகம் வந்தது.

மாடிக்குப் போனேன். உன் புகைப்படத்தை எடுத்தேன். அம்மி உருது எழுதும் நாணல் பேனாவை எடுத்தேன். மைக்குக் கடையில் 'பழசாக்கும் தண்ணி' இருந்தது. துருப்பிடித்த ஆணியை வினிகரில் ஊறவைத்து டீ டிகாக்ஷன் கலந்து அசோகன் அண்ணன் வைத்திருப்பாரே, நேற்று செய்த பிரேமை நிஜாம் காலத்துப் பிரேம் ஆக்கிவிடுமே, அதே பாட்டில். எழுதி முடிக்க நாலு நிமிஷம். ஊதிக் காயவைத்தேன். அதையும் நோன்பு வைத்துக்கொண்டு செய்தேன்.

திட்டம் இதுதான்: 31ஆம் தேதி பெருநாள், மறுநாள் ஏப்ரல் ஒன்று. காலையில் உன் முன்னால் பாட்டிலையும் பேனாவையும் வைத்து சலாம் போடுவது. நீ என்னைத் துரத்திக்கொண்டு லஸ் முனை வரைக்கும் ஓடிவருவது. அவ்வளவுதான் ஆபா. சத்தியமாக அவ்வளவுதான்.

நீ 29ஆம் தேதியே பார்த்துவிட்டாய். கத்தினாயே ஒரு கத்து, பக்கத்து பூக்கடைக்காரர் தீ விபத்து என்று குடத்தோடு வந்தார். அப்பா அன்று வழக்கத்துக்கு மாறாக ஐந்து மணிக்கே ஷட்டரை இறக்கினார். பெருநாள் அன்று உங்கள் ஆய்வகத்துப் பெரியவர் கஸ்தூரிரங்கன் சார் அடையாறிலிருந்து வந்து, ஷீர் குர்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே லென்ஸால் பார்த்தார். "சகினா, நீ ஜெயிச்சுட்டேம்மா" என்றார். நீ என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய். என் காதில், "மெனிக்கோவுக்குப் பேர் கெடச்சிருச்சு" என்றாய்.

ஏப்ரல் ஒன்று காலை பாட்டிலோடு உன் அறைக்கு வந்தேன். நீ முஸல்லா விரிப்பில் நெற்றி பதித்து ஸஜ்தாவில் இருந்தாய். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நீ எழுந்திருக்கும்வரை நிற்கலாம் என்று நினைத்தேன். நீ எழுந்திருக்கவே இல்லை. நான் போய்விட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி சொன்னால் அது விளையாட்டு இல்லை என்று தோன்றியது. மூன்றாம் தேதி இன்னும் கஷ்டம். ஆய்வகத்தில் மையைச் சோதித்துவிட்டு, "இரும்பும் டானினும் இருக்கு, பழைய மை அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நம் கடை பாட்டில் பரீட்சையில் பாஸ்! அதற்கப்புறம் வாயைத் திறக்க எனக்கு வழியே தெரியவில்லை.

நீ என்னை அடிக்கலாம். கல்லால் கூட. பாலவாக்கம் பீச்சில் கல் இருக்கிறதா?

ரெஹான்


பாலவாக்கம்
28 செப்டம்பர்

ரெஹான்,

பத்து நாள் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கோபம் குறையட்டும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது.

உனக்கு ஒன்று தெரியாது. அந்த வரி எனக்குத் தேவையே இல்லை.

மாதாவின் தலையைச் சுற்றித் தங்க ஒளிவட்டம் இருக்கிறதல்லவா, அதில் ஓரத்தைச் சுற்றிலும் சின்னச் சின்னப் பூக்கள். ஒவ்வொன்றும் இரும்பு அச்சை வைத்துத் தட்டிப் பதித்தது. ஐந்து இதழ்ப் பூ. அதில் ஓர் இதழ் நுனி உடைந்திருக்கும். அறுபத்து மூன்று பூவிலும் அதே இதழ், அதே உடைசல். அச்சு இரும்பே எப்போதோ அப்படி உடைந்திருக்கிறது. புதிது வாங்க வசதி இல்லாமல் அதையே வைத்துத் தட்டியிருக்கிறான். ஓர்தே ஊர் தேவாலயத்தில் மெனிக்கோ வரைந்த படத்தில் அதே பூ. அதே இதழ் உடைந்த பூ. அளந்து பார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. போதாததற்குக் குழந்தை ஏசுவின் காது: மடல் கழுத்தோடு ஒட்டி, மேலே கிள்ளி விட்டதுபோல. அந்தக் காதை அவனைத் தவிர யாரும் வரையவில்லை.

இதை வைத்தே நிரூபித்திருப்பேன். இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும். ஓர்தேவுக்கு ஒரு தடவை நேரில் போய்வர வேண்டியிருந்திருக்கும். பத்துப் பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள், பதில் சொல்லியிருப்பேன். என் முடிவு மெதுவாக நின்றிருக்கும்.

ஆனால் எழுத்து கிடைத்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை முதல் பக்கத்தில் போட்டேன். பூவை ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளினேன். கஸ்தூரிரங்கன் சார் கூட, "எழுத்து இருக்கறச்சே பூவெல்லாம் எதுக்கும்மா, அனுபந்தத்துல போடு" என்றார். நானும் ஆசைப்பட்டேன். குறுக்குச் சட்டத்துக்கு அடியில் அத்தனை வருடம் மூடிக்கிடந்த எழுத்து அவ்வளவு கறுப்பாக இருக்குமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த நிமிஷத்தைத் தட்டிவிட்டேன். அது உன் தப்பு இல்லை. என்னுடையது.

இப்போது முதல் பக்கம் பொய் என்று ஆகிவிட்டது. ஒன்பதாம் பக்கத்தை யாரும் திறக்கப்போவதில்லை. போலி எழுத்து எழுதப்பட்ட பலகையை எந்த ஆய்வாளரும் தொடமாட்டார். "அந்தப் பூவையும் அவளே தட்டியிருப்பாள்" என்று ஒருவர் எழுதியே விட்டார்.

கோதுமையைக் கூலியாக வாங்கிக்கொண்டு வரைந்த மனிதன். அவன் படத்துக்கு அவன் பேரைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தி வந்தாள். அவன் பேரை எழுதியே நீ அதை அழித்துவிட்டாய்.

யாரிடமும் எதையும் சொல்லாதே. கஸ்தூரிரங்கன் சாரிடம் போகாதே. காரணம் கேட்காதே. இந்த ஒன்றையாவது நான் சொன்னபடி செய்.

சகினா


கச்சேரி சாலை
19 அக்டோபர்

ஆபா,

நீ சொன்னபடி செய்யவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தேன். தி.நகர் டியூஷனில் என் பக்கத்து பெஞ்சு முதஸ்ஸிர், "மச்சி, உடம்பு சரியில்லையா, ரெண்டு நாளா யாரையும் கலாய்க்கல?" என்றான். அப்பா கடைக்கு வந்த ஒருவரிடம் உன் பேப்பர் செய்தியைக் காட்டி, "நம்ம பொண்ணு" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு அடையாறுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

கஸ்தூரிரங்கன் சார் வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தேதி, நேரம், பேனா, பாட்டில். முடித்ததும், "காபி சாப்பிடறயா?" என்றார்.

"சார், நான் சொன்னது..."

"கேட்டேன்ப்பா. அக்கா மேல இருக்கற பாசம் புரியறது. நல்ல பிள்ளை. ஆனா பதினேழு வயசுப் பையன் பதினஞ்சாம் நூற்றாண்டு எழுத்த நாலு நிமிஷத்துல எழுதினான்னு நான் எந்த சபைல போய்ச் சொல்றது?"

"ஏன் சார், எழுதிக் காட்டட்டுமா?"

காட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் பாட்டிலையும் நாணல் பேனாவையும் கொண்டுபோயிருந்தேன். பிரேமுக்குப் பின்னால் வைக்கும் அட்டை ஒன்றையும். அவர் மேசையிலேயே எழுதினேன். படம் பார்க்காமல். என் கைக்கு அது மனப்பாடம். மடிப்பையும் சேர்த்து எழுதினேன். நாலு நிமிஷம் கூட ஆகவில்லை.

அவர் முகம் மாறியதைப் பார்த்து, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் ஆபா.

"யாருப்பா இத ஒனக்குப் பழக்கினா?"

"யாரும் பழக்கல சார். நானே."

"பழக்காம இது வராது." அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இந்த மை ஒங்க கடைல எப்பவும் இருக்குமா?"

"எப்பவும் இருக்கும் சார். நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"எதுக்கு?"

"புதுசப் பழசாக் காட்டறதுக்கு."

இதைச் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது கூட எனக்கு உறைக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, என்னைப் பார்க்காமல், "அவ ஒருத்திதான்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றார்.

அட்டையைத் திருப்பித் தரவில்லை. "இது இருக்கட்டும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது, அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆபா, நான் எதையாவது இன்னும் மோசமாக்கிவிட்டேனா?

ரெஹான்


பாலவாக்கம்
23 அக்டோபர்

ஆமாம்.

அடையாறிலிருந்து போன் வந்தது. 'உங்கள் கடையில்' என்று ஆரம்பித்தார்கள். 'நீங்கள்' இல்லை. 'உங்கள் கடையில்'.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டு பழியை வாங்கிக்கொண்டேன் என்று உனக்கு இப்போதாவது புரிகிறதா? ஒருத்தி பொய் சொன்னாள் என்றால் ஒருத்தியோடு முடியும். ஷரீஃப் பாய் கடையில், நம் அப்பா கடையில், பழைய எழுத்தை எழுதத் தெரிந்த கையும், அதற்கான மையும் இருக்கிறது என்றால்? கோயில்காரர்களும் மடத்துக்காரர்களும் பழைய வீட்டுக்காரர்களும் அவரவர் பெரியவர்கள் படத்தை முப்பது வருடமாக யாரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்?

அப்பாவிடம் நீ சொல். வேறு யாராவது சொல்வதற்கு முன்னால். இன்றைக்கே.

சகினா


கச்சேரி சாலை
9 நவம்பர்

ஆபா,

இன்றைக்கே என்று எழுதியிருந்தாய். கடிதம் திங்கட்கிழமை வந்தது. மடத்து மதர் சனிக்கிழமையே வந்துவிட்டார்.

வழக்கமாக ஆள் அனுப்புவார். அன்று தானே வந்தார். நம்மிடம் பிரேமுக்கு வந்திருந்த அவர்கள் படம் பதினொன்றையும் திருப்பிக் கேட்டார். ஐந்துக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. அப்பா, "மதர், ரெண்டு நாள் குடுங்க, முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார். மதர், "பரவாயில்ல பாய், இப்படியே குடுத்துடுங்க" என்றார். அப்பா ஏன் என்று கேட்டார். மதர் நல்லவர் ஆபா. அடையாறிலிருந்து கேள்விப்பட்டதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். நான் கடை வாசலில் இருந்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு படத்தையும் பழைய பேப்பரில் தானே சுற்றி, சணல் கட்டி, ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். என்னை ஒன்றைக் கூடத் தூக்க விடவில்லை.

அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி உன் பேப்பர் செய்தியை இறக்கினார். பின்பக்க ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். செய்தியை எடுத்து மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து, "நல்லாத்தான் இருக்கு, இந்த அளவு யாருக்காச்சும் ஆகும்" என்று ஸ்டாண்டில் சொருகினார்.

அவ்வளவுதான். அடிக்கவில்லை. திட்டவில்லை. "ஏன்டா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அசோகன் அண்ணன்தான் கேட்டார். பாட்டிலைக் காட்டி, "இத கலந்து வெச்சது நானு. இப்ப வர்றவங்கல்லாம் என் கையத்தான் பாக்கறாங்கோ. பெரும்பாக்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன் தம்பி, இதுக்கா?" என்றார். எனக்கு ஜோக் கூட வரவில்லை. பாட்டிலை அவரே எடுத்துப் போய் சாக்கடையில் ஊற்றினார்.

அதற்கப்புறம் வந்த ஆறு நாளில் நாலு பேர் அவரவர் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அம்மிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாணல் பேனாக்களை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள்.

நேற்று அப்பா பாலவாக்கம் வந்தார் என்று தெரியும். டிபன் கேரியரை அம்மி கட்டினாள். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நீ அவரோடு பேசினாயா? அவர் சாப்பிட்டாரா? நீ வந்துவிடு ஆபா. என்னை வேண்டுமானால் எங்கேயாவது அனுப்பிவிடச் சொல். நங்கநல்லூரில் மாமு வீட்டில் இருந்துகொள்கிறேன். நீ வந்தால் அப்பா ஒருவேளை பேசுவார்.

ரெஹான்


பாலவாக்கம்
4 டிசம்பர்

ரெஹான்,

அப்பா வந்தார். கேரியரைத் திறந்து எனக்குப் போட்டார்; அவரும் இரண்டு வாய் சாப்பிட்டார். கடைப் பேச்சை எடுக்கவில்லை. உன் பேச்சையும் எடுக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த ஒளிவட்டத்துல ஒரு பூ இருக்குல்ல? எல்லாத்துலயும் ஒரு எதழு ஒடஞ்சிருக்கும்" என்றார்.

"பாத்தீங்களாப்பா?"

"பிரேமுக்கு அளவு எடுக்கறப்ப பாத்தேன். பட்டறைல உளி முனை ஒடஞ்சா அப்படித்தான் விழும். இன்னொருத்தன் வேணும்னே அப்படிப் பண்ண முடியாது. நீ சொன்னதுதான் சரி."

அப்பா ஒருவர்தான் இதுவரை என் ஒன்பதாம் பக்கத்தைப் படித்திருக்கிறார். ஒரு வரியும் படிக்காமலே. அவர் சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நம்புவதால் ஒன்றும் மாறப்போவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மடத்துக்கும் போய்வந்தேன். மதர் உள்ளே விட்டார். படத்தைப் பழையபடி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள், பழைய பிரேமிலேயே. கீழே சின்ன அட்டை: 'தேவமாதா. ஓவியர் பெயர் தெரியவில்லை.' ஓர் அம்மா மல்லிகைச் சரம் போட்டுவிட்டு, மகனுக்கு வேலை கேட்டு அழுதுகொண்டிருந்தார். மதர் என்னிடம், "யார் வரைஞ்சா என்னம்மா, மாதா மாதாதானே" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆமாம் மதர் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிட்டப் போய்ப் பூவைப் பார்க்கலாம் என்று இருந்தது. அந்த அம்மா நகரவில்லை. நானும் காத்திருக்கவில்லை.

என் பங்கையும் எழுத வேண்டும். காரணம் கேட்காதே என்று எழுதினேன். காரணத்தை எழுதியிருந்தால் நீ அடையாறுக்குப் போயிருக்க மாட்டாய். கோபத்தில் அதை உனக்குத் தர மனசு வரவில்லை. அப்பாவின் கடைக்கு நேர்ந்ததில் அந்த அளவு என்னுடையது. நீ சுமக்க வேண்டாம்.

குவைத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் வேலை. பதினெட்டாம் தேதி விமானம். சின்னப் பிள்ளைகளுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லிக் கொடுக்கலாம். அங்கே யாரும் என் பேரைத் தேடிப் பார்க்க மாட்டார்கள். அம்மியிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். நீ விமான நிலையத்துக்கு வர வேண்டாம்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு சந்தோஷம் தர வேண்டும் என்றுதான் செய்தாய். அந்தப் பெருநாளை ஒட்டி இரண்டு நாள் நான் இருந்த மாதிரி சந்தோஷமாக வாழ்க்கையில் இருந்ததில்லை. அதுவும் உண்மைதான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். நாலு தாளையும் கிழித்தேன். என்னைப் போலி எழுத்து எழுதியவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் இதுவரை போலியாக ஒன்றும் எழுதியதில்லை. மன்னித்தேன் என்று எழுதினால் அதுதான் முதலாவதாக இருக்கும்.

புது முகவரியை உனக்குத் தரச் சொல்லவில்லை. அம்மியைக் கேட்டு நச்சரிக்காதே.

மார்ச்சில் உனக்குப் பரீட்சை. படி.

சகினா